தர்பூசணி சர்பத்தும் அந்தச் சிவப்பும்

பங்குனி பாதி தாண்டிட்டா எங்க பக்கம் காட்டு வேலை காலை பத்து மணியோட முடிஞ்சிடும். அதுக்கு மேல வெயில்ல நிக்க முடியாது. பெரம்பலூர், அரியலூர் வெயிலை நகரத்து ஆளுங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கிறது கஷ்டம். கரிசல் வெடிச்சுக் கிடக்கும். சுண்ணாம்புச் சுரங்கம் பக்கம் போனா கண்ணு கூசும். அந்தச் சுண்ணாம்பும் அதுல கிடைக்கிற கிளிஞ்சல் படிமமும், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் இருந்ததுக்குச் சாட்சி. கடல் கிடந்த ஊருக்குத்தான் இன்னைக்குத் தாகம் அதிகம்.

அந்த வெயில்ல ஒரு சொம்பு தர்பூசணி சர்பத் குடிச்சா உசிரு திரும்பி வரும். செய்யறது சுலபம், கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி, 2025-லேர்ந்து சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் இருக்கிறவங்க என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணே, இதுக்கு ஊசி போட்டுச் சிவப்பாக்குறாங்களாமே, உண்மையா?" அந்தச் சிவப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாலே பாதிப் பயம் போயிடும். அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். தர்பூசணி எங்க பாட்டன் காலத்துத் தாகசாந்தி இல்ல. பழைய ஆளுங்க குடிச்சது நீராகாரம், நீர்மோர், கம்பங்கூழ். திருவிழான்னா பானகம்: வெல்லத்தைக் கரைச்சு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிஞ்சது. பனை இருக்கிற இடத்துல நுங்கும் பதநீரும். கொள்ளிடக் கரைப் படுகையில வெள்ளரிப்பழம் வரும். மாவு மாதிரி வெடிச்சு நிக்கிற அந்தப் பழத்தை நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிசைஞ்சு சாப்பிடுவோம். தர்பூசணி பின்னாடி வந்து உட்கார்ந்த நாற்காலி, இந்த வெள்ளரிப்பழத்தோட நாற்காலிதான்.

தாகத்துக்குத் தண்ணி குடுக்கிறது இந்த மண்ணுல பெரிய தருமமா இருந்திருக்கு. ஏழாம் நூற்றாண்டுல திங்களூர் அப்பூதி அடிகள், தான் நேர்ல பார்த்தே இராத திருநாவுக்கரசர் பேர்ல தண்ணீர்ப்பந்தல் வெச்சார்னு பெரியபுராணத்துல இருக்கு. திங்களூர் திருவையாத்துப் பக்கம். கொள்ளிடத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா எங்க மாவட்டத்துத் திருமழபாடி. இன்னைக்குக் கோடை வந்தா கட்சிக்காரங்க பந்தல் போட்டு, தலைவர் படத்தை வெச்சு, மோரோட தர்பூசணித் துண்டும் குடுக்கிறாங்க. ஒருத்தர் பேர்ல பந்தல் வைக்கிற வழக்கம் மட்டும் மாறவே இல்ல!

பழத்தோட பூர்வீகம் ஆப்பிரிக்கா. அங்க காட்டுல இருக்கிற இதோட சொந்தக்காரங்க பல பேர் கசப்பு. நம்ம ஊர்லயும் ஒரு சொந்தம் இருக்கு, பேய்க்குமட்டி. ஆத்துத்தும்மட்டின்னும் சொல்வாங்க. மணல்ல படர்ந்து கிடக்கும், பார்க்கக் குட்டித் தர்பூசணி மாதிரியே வரிவரியா இருக்கும். நாக்குல வெச்சா அன்னைக்குச் சோறு இறங்காது. சித்த வைத்தியத்துல பேதி மருந்துக்குச் சேர்ப்பாங்க. சில சமயம் வெள்ளரிக்காய் காம்புப் பக்கம் கசக்குதே, அதே ஜாதிக் கசப்பு.

சூடான் நாட்டுல கோர்டோஃபான்னு ஒரு பகுதி. அங்க விளையிற கசப்பில்லாத, வெள்ளைச் சதைப் பழம்தான் இன்னைக்கு நாம சாப்பிடுற தர்பூசணிக்கு ரொம்ப நெருங்கின உறவுன்னு மரபணுவைப் பார்த்து 2021-ல ஆராய்ச்சிக்காரங்க சொன்னாங்க. எகிப்துல பழைய கல்லறைச் சுவர்ல, தட்டுல வெச்ச வரிப்பழத்தை வரைஞ்சிருக்காங்க. துட்டன்காமன்னு சின்ன வயசுலயே செத்துப்போன ராஜாவோட கல்லறையை 1922-ல ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடிச்சார். அங்க தங்கத்தோட தர்பூசணி விதையும் கிடைச்சது. மூவாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்த ஒருத்தருக்கு மறுலோகத்துத் தாகத்துக்கு வெச்சு அனுப்பினாங்களா, கொறிக்க வெச்சாங்களா, யார் கண்டா. பாலைவனத்துக்காரனுக்கு அது பழம் மட்டுமில்ல, தண்ணிக் குடம். தோல் கெட்டி, பறிச்சு நிழல்ல போட்டா வாரக்கணக்குல கெடாது. உள்ள இருக்கிறதுல பத்துல ஒன்பது பங்கு தண்ணி.

வெள்ளையா இருந்தது எப்படிச் சிவந்தது? ஒரே நாள்ல இல்ல. கசப்பு இல்லாததா, இனிப்பு கூடினதா, நிறம் ஏறினதா பார்த்துப் பார்த்து விதை எடுத்து வெச்சது எங்களை மாதிரி ஆளுங்கதான். எங்க வீட்ல நல்ல சுரைக்காயை விதைக்குன்னு கொடியிலயே முத்த விட்டு, அடுப்புக்கு மேல தொங்க விடுவாங்க. அந்த வேலையைத்தான் எகிப்துலயும் பாரசீகத்துலயும் இத்தாலியிலயும் தலைமுறை தலைமுறையாச் செஞ்சிருக்காங்க. இத்தாலியில 14-ஆம் நூற்றாண்டு மருத்துவச் சுவடிப் படங்கள்லயே சிவப்புப் பழம் இருக்கு. 17-ஆம் நூற்றாண்டுல ஜியோவானி ஸ்டான்கின்னு ஒரு ஓவியர் வெட்டின தர்பூசணி வரைஞ்சிருக்கார். அதுல சதை முழுசாச் சிவக்காம, வெள்ளை வெள்ளையாச் சுழி சுழியா நிக்குது. அந்தக் காலத்துப் பழமே அப்படித்தான்னு சிலர் சொல்றாங்க, சரியாப் பழுக்காத பழம்னு சிலர். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பூ பிடிக்கிற சமயத்துல தேனீ குறைஞ்சாலோ, தண்ணி ஏறுக்கு மாறாப் பாய்ஞ்சாலோ இன்னைக்கும் எங்க காட்டுல உள்ளுக்குள்ள பிளந்து, வெளுத்துப்போன பழம் கிடைக்கும். அதுக்கு 17-ஆம் நூற்றாண்டு வரைக்கும் போக வேண்டாம்.

நம்ம நாட்டுக்கு எந்த வழியா வந்துச்சுன்னு பேரை வெச்சே ஓரளவு பிடிக்கலாம். பாரசீகத்துல தர்பூஸ், இந்தியில தர்பூஜ். அது தமிழுக்கு வந்ததும், ஏற்கெனவே நம்மகிட்ட இருந்த பூசணியோட ஒட்டிக்கிட்டு தர்பூசணி ஆயிருக்கும்ங்கிறது என் யூகம். யாழ்ப்பாணத்துல இதையே வத்தகப்பழம்னு சொல்றாங்க. மலபார்ல வத்தக்க. அரபியில பித்தீஹ். காதுல போட்டுப் பார்த்தா சொந்தம் மாதிரி இருக்கு. அப்படின்னா வடக்கே தரை வழியா ஒரு பேரும், கடல் வழியா ஒரு பேரும் வந்திருக்கு. சர்பத்ங்கிற வார்த்தையும் அரபி, பாரசீகம் வழியா வந்ததுதான். ஆக 'தர்பூசணி சர்பத்'னு நாம சொல்றதுல கடைசில ஒட்டின 'அணி' மட்டும்தான் தமிழ் போல.

பாபர் இந்தியாவைப் பிடிச்சதும் குறைப்பட்டு எழுதினதுல முக்கியமான ரெண்டு குறை: இங்க நல்ல முலாம்பழம் இல்ல, ஐஸும் குளிர்ந்த தண்ணியும் இல்ல. முதல் குறைக்கு அவரே ஆக்ராவில விதை போட வெச்சார். ரெண்டாவது குறை எங்களை மாதிரி ஆளுங்களுக்குத் தீர நானூறு வருஷம் ஆச்சு. மெட்ராஸ்ல கடற்கரையோரம் இருக்கிற ஐஸ் ஹவுஸ் 1842-ல கட்டினது. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் ஏரியில உறைஞ்ச பனிக்கட்டியை வெட்டி, மரத்தூள்ல பொதிஞ்சு, ஃப்ரெடெரிக் டியூடர்ங்கிற வியாபாரி கப்பல்ல அனுப்பினார். அது வெள்ளைக்காரங்க தொண்டைக்கு. எங்க ஊருக்கு ஐஸ் வந்தது நான் சின்னப் பையனா இருக்கும்போது. கல்யாண வீட்டுக்கு உமி போட்ட சாக்குல சுத்தி, சைக்கிள் கேரியர்ல சொட்டச் சொட்டக் கொண்டு வருவாங்க. வந்து சேரும்போது பாதி ரோட்டுக்குப் போயிருக்கும்.

இப்ப நாம சாப்பிடுற கருஞ்சிவப்பு இதுக்கெல்லாம் அப்புறம் வந்தது. சுகர் பேபின்னு ஒரு ரகம், 1950-கள்ல அமெரிக்காவில ஒக்லஹோமாவுல வெளிவந்தது. சின்ன உருண்டை, கரும்பச்சைத் தோல், உள்ள நல்ல சிவப்பு. இந்தியா முழுக்கப் பரவினது அதுதான். 1963-ல கன்சாஸ்ல கிரிம்சன் ஸ்வீட் வந்துச்சு. அதைத் தாயாதியா வெச்சு பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல அர்கா மாணிக் உருவாக்கினாங்க. இப்ப எங்க காட்டுல போடுறது நீட்டுவாக்குக் கறுப்புத் தோல் வீரிய ரகம், அறுபத்தஞ்சு, எழுபது நாள்ல அறுப்பு. மார்கழியில போட்டா மாசி கடைசி, பங்குனியில லாரி ஏத்தலாம்.

எங்க ரெண்டு மாவட்டமும் பேர் வாங்கினது மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கும். தர்பூசணின்னா திண்டிவனம், மரக்காணம்தான் ஞாபகம் வரும். சொட்டுநீர் வந்த பிறகுதான் நாங்களும் துணிஞ்சோம். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், மத்தவங்களுக்கு 75. கொஞ்சத் தண்ணி, நிலப்போர்வை விரிச்ச பாத்தி, நாலு வழிச் சாலையா ஆன சென்னை–திருச்சி ரோடு, மூணும் சேர்ந்ததுதான் எங்க தர்பூசணி. பாடாலூர், சிறுவாச்சூர்ப் பக்கம் ரோட்டோரம் குவிச்சு வெச்சிருக்கிறதை நீங்களும் பஸ்ஸுலேர்ந்து பார்த்திருப்பீங்க.

சர்பத் வீட்டுக்குள்ள வந்ததுக்கு இன்னொரு காரணம் மிக்ஸி. 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்த பிறகுதான் எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு மிக்ஸி. அதுவரைக்கும் 'ஜூஸ்'ங்கிறது பஸ் ஸ்டாண்டுல காசு குடுத்துக் குடிக்கிறது.

இப்ப 2025 கதைக்கு வரேன். அந்த வருஷம் நோன்பு மாசம் மார்ச்சுல வந்துச்சு. லப்பைக்குடிகாடு, வி.களத்தூர்ப் பக்கம் நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பழம் நல்லா ஓடும்னு எல்லாருமே கொஞ்சம் கூடப் போட்டிருந்தோம். எனக்கு ஒண்ணரை ஏக்கர். கோடை சூடு பிடிக்கிற நேரத்துல, பழத்துல சாயம் ஏத்துறாங்கன்னு ஒரு வீடியோ போன்லேர்ந்து போனுக்குப் பறந்துச்சு. கிலோ பத்து ரூபாய்னு பேசிட்டுப் போன வியாபாரி, அறுப்பு நாள்ல போனை எடுக்கல. வேற ஒருத்தர் மூணு ரூபாய்க்குக் கேட்டார். அதுல பறிப்புக் கூலி, ஏத்துக் கூலி போக என்ன நிக்கும்? பாதிக் காட்டை ஆட்டுக்கிடைக்குத் திறந்து விட்டேன். தமிழ்நாடு பூராவும் இதே கதை. விவசாயிங்க போராட்டம் பண்ணினாங்க, இழப்பீடு கேட்டாங்க. பயப்படாம சாப்பிடலாம்னு அப்புறம் விளக்கமும் வந்துச்சு. விளக்கம் வர்றதுக்குள்ள பழம் கொடியிலயே வெந்து போச்சு.

சாயம் ஏத்தவே முடியாதான்னு கேட்டா, வெட்டி வெச்ச துண்டுல யாரும் எதையும் தடவலாம், அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல. முழுப் பழத்துல ஊசி குத்தினா ஓட்டை விழுந்த இடம் இந்த வெயில்ல சீக்கிரமே அழுக ஆரம்பிக்கும். லாரியில ஏத்தி ரெண்டு நாள் கழிச்சு விக்கிற சரக்குக்கு எந்த வியாபாரி அந்த வேலையைப் பார்ப்பான்? உள்ள இருக்கிறதும் தொட்டித் தண்ணி இல்ல, சாயம் ஊத்தினா சீராப் பரவுறதுக்கு, அது சதை.

சிவப்புக்குப் பேர் லைக்கோபீன். தக்காளியில இருக்கிறதும் அதேதான். அது எண்ணெயில கரையும், தண்ணியில கரையாது. நம்ம சர்பத்தே இதைக் காட்டிக் குடுத்துடும். வடிகட்டின சர்பத்தைக் கண்ணாடி டம்ளர்ல அரை மணி நேரம் அசைக்காம வெச்சுப் பாருங்க. சிவப்பெல்லாம் சதைத் துணுக்கோட ஒதுங்கிடும், மிச்சத் தண்ணி வெளுத்து நிக்கும். தண்ணியில கரையிற சாயம் அப்படி ஒதுங்காது, டம்ளர் முழுக்க ஒரே நிறமா நிக்கும்.

சரி, செய்முறை. பழம் வாங்கும்போது தரையில படுத்திருந்த இடத்தைப் பாருங்க. நல்ல மஞ்சளா இருக்கணும், வெள்ளையா இருந்தா அவசரத்துல பறிச்சது. தட்டினா 'டங்'குன்னு கணீர்னு கேட்டா இன்னும் நாள் இருக்கு, 'தொம்'முன்னு அடங்கிக் கேட்டா பழுத்திருக்கு. காட்டுல நாங்க பார்க்கிறது காம்புப் பக்கத்துச் சுருள், அது காய்ஞ்சிருக்கும்.

வெட்டி, விதையை முடிஞ்ச வரைக்கும் எடுத்துட்டு, நாலு பேருக்கு ஒரு கிலோ சதை. மிக்ஸியில ரெண்டு சுத்து போதும். ரொம்ப அரைச்சா மிச்சம் மீதி விதை உடைஞ்சு துவர்க்கும். எங்க வீட்டுல இன்னமும் கையாலதான் பிசையறாங்க, குடிக்கும்போது அங்கங்க சதை நாக்குல தட்டுப்படும். அதுல அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, விரல் நுனி அளவு இஞ்சி தட்டிப் பிழிஞ்ச சாறு, நாலு புதினா இலை. நல்ல பழம்னா சர்க்கரையே வேண்டாம். வேணும்னா ரெண்டு கரண்டி நன்னாரி சர்பத் ஊத்துங்க, வாசம் தூக்கும். ஊறவெச்ச சப்ஜா விதையும் போடலாம். தண்ணி சேர்க்காதீங்க, ஏற்கெனவே தண்ணிதானே அது. மெக்சிகோவுல இதையே தண்ணி கலந்து, எலுமிச்சை பிழிஞ்சு 'தர்பூசணித் தண்ணி'ன்னு விக்கிறாங்களாம். டில்லி ஜும்மா மசூதித் தெருவுல பால், ரோஜா சர்பத், தர்பூசணித் துண்டு மூணும் கலந்து குடுக்கிறாங்க. பாலோட பழம் சேர்க்கிறது எங்க வீட்டு அம்மாவுக்குப் பிடிக்காது, அதனால நான் செஞ்சு பார்க்கல.

ஐஸ் கட்டி போடுறதுக்குப் பதிலா, முழுப் பழத்தை முந்தின நாள் ராத்திரியே ஈரச் சாக்குல சுத்தி வைங்க. காலையில வெட்டினா மண்பானைத் தண்ணி மாதிரி சில்லுன்னு இருக்கும். செஞ்ச உடனே குடிச்சிடணும், சாயங்காலத்துக்குன்னு எடுத்து வெச்சா புளிச்சுப் போகும். பச்சைத் தோலைச் சீவிட்டு அந்த வெள்ளைப் பகுதியைத் தூக்கிப் போடாதீங்க. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வெச்சா சுரைக்காய்க்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது. பச்சைத் தோல் மாட்டுக்கு.