காசு மறுப்பு: இலங்கைச் சட்டமும் பல்லேகல வழக்கமும்

வாங்குபவர் நீட்டும் தாளையோ குற்றியையோ ஏற்காமல், அட்டையிலோ கியூஆர் குறியீட்டிலோ கட்டச் சொல்வதே காசு மறுப்பு. மத்திய வங்கி வெளியிட்ட தாளை எந்தக் கடைக்காரரும் மறுக்க முடியாது, மறுத்தால் குற்றம் என்பது இலங்கையில் பலருடைய நம்பிக்கை. அதில் பாதிதான் சட்டம்.

1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின் கீழ் 1950 ஆகஸ்ட் 28இல் இலங்கை மத்திய வங்கி இயங்கத் தொடங்கியது. அது வெளியிடும் தாள்களும் குற்றிகளும் எந்தத் தொகைக்கும் சட்டமுறை நாணயம். 2023 செப்டெம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டத்திலும் இந்த நிலை தொடர்கிறது. இந்தியாவில் அப்படியில்லை. அங்கே 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் கொண்ட நாணயங்கள் 1,000 ரூபாய் வரைக்குமே செல்லும். இலங்கையில் ஒருவர் ஒரு லட்சத்தையும் குற்றிகளாகவே கொட்டிக் கடன் தீர்க்கலாம். எண்ணுபவரின் பொறுமை வேறு கதை.

கடன் என்ற அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. சட்டமுறை நாணயம் என்பது ஏற்கெனவே ஏற்பட்ட கடனைத் தீர்க்கும் கருவி. சுப்பர் மார்க்கெட் தட்டிலிருந்து எடுத்த பால்மா பக்கெட்டுக்கு இன்னும் கடன் எதுவும் ஏற்படவில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், பணம் கொடுப்பதையும் பொருள் கொடுப்பதையும் இரு தரப்பும் பேசிக்கொள்ளும் நிபந்தனைக்கு விடுகிறது. ஆகவே 'இங்கே அட்டை மட்டும்' என்று வாசலிலேயே எழுதி வைத்த கடை, விற்பனைக்கு முன்னரே தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டது. சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டியைச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு 'காசு எடுக்கமாட்டோம்' என்றால் நிலைமை தலைகீழ். அப்போது கடன் ஏற்பட்டுவிட்டது. சரியான தொகையைக் காசாக நீட்டியவரைப் பணம் கட்டாதவர் என்று சொல்ல முடியாது.

இதற்குள் இன்னொரு முடிச்சும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, விற்பனைக்கென வைத்திருக்கும் பொருளை விற்க மறுப்பதைத் தடுக்கிறது. பதுக்கலை மனதில் வைத்து எழுதப்பட்ட பகுதி அது. கையில் காசோடு நிற்பவருக்குப் பால்மாவை மறுப்பதும் விற்க மறுப்பதுதான் என்று வாதிடலாம்; விற்கத் தயார், கட்டும் வழிதான் வேறு என்று கடைக்காரரும் வாதிடலாம். முன்னறிவித்தல் எதுவும் இல்லாத கடையின் வாதம் இதில் பலவீனமானது.

கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலவில் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: காசு கேட்கிறார்கள், அட்டை வேண்டாம் என்கிறார்கள். கண்டியிலிருந்து குண்டசாலை, பல்லேகல வழியாகத் திகனை போகும் பஸ்ஸில் கண்டக்டரின் விரலிடுக்கில் நெடுக்காக மடித்த தாள்கள், உள்ளங்கையில் குலுங்கும் குற்றிகள். காலை முதல் ஓட்டத்தில் 5,000 ரூபா தாளை நீட்டினால் அவர் முகம் மாறும். "சில்லறை இல்லையா?" என்பார். பயணி ஏறியாயிற்று, பஸ் புறப்பட்டாயிற்று. கட்டணம் இப்போது கடன். ஆனால் சட்டமுறை நாணயம் பற்றிய பழைய கோட்பாடு, கடனாளி சரியான தொகையைக் கொடுக்க வேண்டும் என்பதே. அதன்படி மிச்சக் காசு கொடுப்பது வியாபார மரியாதை, கடமை அல்ல. அந்தத் தாளை மறுக்கும் கண்டக்டர் அந்தக் கோட்பாட்டை மீறவில்லை. மிச்சத்துக்குப் பதில் டொபி திணிக்கும் கடைக்காரர் அந்த மரியாதையையும் காட்டுவதில்லை.

அட்டையை நீட்டினால் 'மெஷின் வேலை செய்யவில்லை' அல்லது 'மூன்று வீதம் கூட வரும்' என்பதும் பழகிப்போன பதில்கள். இரண்டாவது பதில் சரியல்ல. அட்டைக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது, கடைக்கு அந்த மெஷினைக் கொடுத்த வங்கியுடனான ஒப்பந்தத்துக்கு முரண் என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது.

எல்லாத் தாளையும், எல்லா இடத்திலும் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. வேண்டுமென்றே கிழித்த, கிறுக்கிய தாள்களை 2017 டிசம்பர் 31க்குப் பிறகு மத்திய வங்கியே மாற்றித் தருவதில்லை. போக்குவரத்துத் தண்டப்பணத்தைப் பொலிஸ்காரர் கையில் வாங்க முடியாது. தபாலகத்தில் கட்டுவதே நெடுநாள் வழக்கம். பெருந்தொகைக் காசை வாங்கினாலும் கணக்குச் சொல்ல வேண்டும்: பத்து லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கல் என்றால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி அதை அறிக்கையிட வேண்டும்.

பிற நாடுகள் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருக்கின்றன. சிங்கப்பூரில் முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் காசை மறுக்கலாம். அமெரிக்காவில் அதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் இல்லை. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலம் 1978இலும் நியூயார்க் நகரம் 2020இலும் கடைகள் காசை மறுக்கத் தடை விதித்தன.

எந்தக் காசு செல்லும் என்ற கேள்வி கண்டிச் சீமைக்குப் புதிதல்ல. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ், அங்கு புழங்கிய மூன்று வகைக் காசுகளை விவரித்திருக்கிறார். தூண்டில் போல வளைந்த வெள்ளிக் காசை அரசன் அனுமதியோடு எவரும் செய்யலாம். பணம் என்ற சிறு காசை அரசன் மட்டுமே அடிக்கலாம், மற்றவர் அடித்தால் மரண தண்டனை.

அட்டையை மட்டும் நம்புவதன் ஆபத்து அண்மையில் தெரிந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் போனது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. மின்சாரமும் சிக்னலும் இல்லாத இடத்தில் அட்டை மெஷினால் பயனில்லை.

விற்க மறுத்தாலோ விலையில் ஏமாற்றினாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். அட்டைக்கு மேலதிகக் கட்டணம் வாங்கினால், அட்டை தந்த வங்கியிடம். விலை, அட்டைக் கட்டணம் பற்றிய முறைப்பாட்டுக்குப் பற்றுச்சீட்டு கையில் இருந்தால் நல்லது.