நியூட்ரினோ: பெயர் பிறந்த கதை

"நியூட்ரான் குண்டும் நியூட்ரினோவும் ஒன்றுதானே, சார்?"

உத்தமபாளையத்தில் இயற்பியல் கற்பிக்கும் என்னிடம் மாணவர் ஒருவர் இவ்வாறு கேட்டார். எங்கள் வட்டத்துப் பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அதன் பின்னர் தேநீர்க் கடைகளிலும் நான் கேட்ட ஐயம் இது. பெயர் ஒற்றுமை அப்படி! ஆகவே, பெயரையே சற்று ஆராய்வோம்.

லத்தீனில் 'உட்டர்' என்றால் இரண்டில் ஒன்று. முன்னால் 'நெ' என்னும் எதிர்மறை சேர்ந்தால், இரண்டில் எதுவும் அன்று. கம்பம் பஸ் நிற்கும்போது ஓட்டுநர் போடும் 'நியூட்ரல்' இதன் வழிவந்ததே. பகைவரும் நண்பரும் அல்லாதவரை நம் முன்னோர் 'நொதுமலர்' என்றனர். மின்னூட்டமற்ற துகளுக்கு 'நொதுமி' என்ற தமிழ்ப் பெயர் எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

'ஆன்' என்னும் வால் கிரேக்கத்தினுடையது. அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அதற்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'எலெக்ட்ரான்'. 1891இல் ஸ்டோனி அதை மின்னூட்டத்தின் அடிப்படை அலகுக்குச் சூட்டினார். பிறகு புதிய துகள்களுக்கெல்லாம் அந்த வால் ஒட்டிக்கொண்டது. ஆக, நியூட்ரான் என்பது லத்தீன் தலையும் கிரேக்க வாலும் கொண்ட சொல்.

பீட்டாச் சிதைவில் ஆற்றல் கணக்கு உதைத்தபோது, கண்ணுக்குத் தப்பும் ஒரு துகளை 1930 டிசம்பரில் பவுலி கற்பித்தார். அவர் இட்ட பெயரும் நியூட்ரான்தான்! ஆனால் 1932இல் சாட்விக் கண்ட கனமான துகள் அப்பெயரைத் தட்டிக்கொண்டு போயிற்று. இத்தாலிய மொழியில் 'ஒனே' என்ற விகுதி பெரியதையும், 'இனோ' சிறியதையும் குறிக்கும். இத்தாலியர் நியூட்ரானை 'நியூட்ரோனே' என்பர். அது பெரியதானால் பவுலியின் துகள் 'நியூட்ரினோ' ஆகட்டும் என்று ரோம் நகரில் அமால்டி வேடிக்கையாகச் சொல்ல, ஃபெர்மி அதை உலகறியச் செய்தார்.

பெயரில் உறவு, குணத்தில் இல்லை. நியூட்ரான் யுரேனிய அணுக்கருவைப் பிளக்கும். நியூட்ரினோவோ எதையும் அநேகமாகத் தீண்டாமலே கடந்துவிடும். நீங்கள் இதைப் படிக்கையில் உங்கள் விரல் நகமளவு பரப்பின் வழியே நொடிக்குச் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் செல்கின்றன! மலையைத் தேடியது இவற்றை அடைத்துவைக்க அன்று. விண்ணிலிருந்து வரும் பிற துகள்களைத் தடுக்கவே. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் நியூட்ரினோவைக் கண்டறிந்ததும் அவ்வாறே.

மலையைக் குடைந்தால் காட்டுக்கும் நீருக்கும் என்ன நேரும் என்பது வேறு கேள்வி, நியாயமான கேள்வி. தமிழக அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தபோது காட்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டையும் புலிகளின் வழித்தடத்தையுமே, குண்டை அன்று.