இரண்டாம் நாளில் தெரியும் நோய்: நாட்பட்ட சோர்வும் அதை அளக்கும் முறையும்

எம்.இ. அல்லது சி.எஃப்.எஸ். என்று மருத்துவ உலகம் குறிக்கும் நாட்பட்ட சோர்வு நோய் உள்ள ஒருவரை, மூச்சை அளக்கும் முகமூடி மாட்டி, நிலைமிதிவண்டியில் உட்காரவைத்து, முடிந்தமட்டும் மிதிக்கச் சொன்னால் பல வேளைகளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. உடற்பயிற்சிப் பழக்கமில்லாத, நலமான ஒருவருக்கு வரும் எண்களுக்கு அருகிலேயே இவருடைய எண்களும் நிற்கும். ஆனால் இருபத்து நான்கு மணி நேரம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தால் நிலைமை மாறுகிறது. நலமானவர் முதல் நாள் செய்ததை மறுநாளும் ஏறக்குறைய அப்படியே செய்துவிடுவார். நோயாளியோ, தசைகளுக்கு ஆக்ஸிஜன் போதாமல் போகும் எல்லையை முந்தைய நாளைவிடக் குறைந்த உழைப்பிலேயே தொட்டுவிடுகிறார். கலிஃபோர்னியாவின் வொர்க்வெல் அமைப்பைச் சேர்ந்த ஸ்டேசி ஸ்டீவன்ஸ், கிறிஸ்டோபர் ஸ்னெல் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

இந்த நோய் இரண்டாம் நாளில்தான் தன்னைக் காட்டுகிறது. அதை முதல் நாளிலேயே அளந்து முடித்துவிட்டதுதான் மருத்துவம் இதில் அரை நூற்றாண்டு தடுமாறியதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். நோயாளிகள் தங்கள் அன்றாடத்தைக் குறித்துவைத்துக் கண்டடைந்த நடைமுறைகளை வெறும் சமாளிப்பு என்று ஒதுக்க முடியாது. மருத்துவர்கள் செய்யத் தவறிய அளவீட்டை அவர்கள் படுக்கையில் கிடந்தபடி செய்துகொண்டிருந்தார்கள்.

1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் செவிலியர்களும் மருத்துவர்களும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தனர். பாதிக்கப்பட்ட ஊழியர்கள் 292 பேர். மருத்துவமனையையே அக்டோபர் வரை மூட வேண்டியிருந்தது. அங்கே தொற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றிய மெல்வின் ராம்சே அந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் விடாமல் கவனித்தார். சிறு உழைப்புக்குப் பிறகு தசையின் வலிமை திரும்ப மூன்று, நான்கு, ஐந்து நாள்கள்கூட ஆகிறது என்று அவர் எழுதினார். இந்நோயின் தனி அடையாளம் இந்தத் தாமதமே என்று அவர் கண்டுகொண்டதற்கு, நோயாளிகளை அடுத்தடுத்த நாள்களிலும் பார்த்ததுதான் காரணம். 1970-இல் மெக்எவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் இந்தக் கொள்ளை நோயைக் கூட்டு ஹிஸ்டீரியா என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். அவர்கள் பார்த்தவை பழைய நோய்க் குறிப்பேடுகள் மட்டுமே. நோயாளி ஒருவரையும் நேரில் ஆராயவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் மிகுதி என்பதையும் அவர்கள் தங்கள் முடிவுக்குச் சான்றாக வைத்தனர். ராம்சேயின் கூர்ந்த கவனிப்பு ஓரங்கட்டப்பட்டு, குறிப்பேட்டு முடிவு பாடநூல்களுக்குள் நுழைந்தது. பெண்களின் வலியை மனப் பிரமையாக்கும் பழைய வழக்கத்துக்கு இது இன்னொரு கொடிய சாட்சி.

அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை ராம்சே சொன்னதை மீண்டும் நடுவில் வைத்தது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும், வாழ்க்கையைச் சுருக்கிவிடும் சோர்வு. உழைப்புக்குப் பின் வரும் சரிவு. தூங்கி எழுந்தும் தெளியாத உடல். இந்த மூன்றோடு, நினைவும் கவனமும் மங்குவது அல்லது நிமிர்ந்து நிற்க முடியாமல் போவது என்ற இரண்டில் ஒன்றும் இருந்தால் நோய் உறுதி. அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்றும், அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் நோய் கண்டறியப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை மதிப்பிட்டது.

அன்றாடத்தில் இந்தச் சரிவின் பொருள் என்ன? நோயாளிகள் 'பேஸிங்' என்று சொல்லும் முறையிலிருந்து தொடங்கலாம். உடலில் இருக்கும் ஆற்றலின் எல்லையை அறிந்து, அதைத் தாண்டுமுன் நிறுத்திக்கொள்வதே பேஸிங். எல்லையைத் தாண்டிச் செய்யும் வேலை கந்துவட்டிக் கடன் போல; வாங்கும்போது கை நிறையும், தவணை நாளில் முதலையும் மிஞ்சிய தொகை கேட்கும். அந்தத் தவணை பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே வருவதால், எந்த வேலை சரிவைக் கொண்டுவந்தது என்று அன்றே கண்டுபிடிக்க வழியில்லை. திங்கள்கிழமை தலைக்குக் குளித்தது புதன்கிழமை படுக்கையில் தள்ளியிருக்கலாம். ஆகவே குறிப்பேடு தேவைப்படுகிறது. என்ன செய்தோம், எவ்வளவு நேரம் நின்றோம், யாரோடு பேசினோம், மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடல் எப்படி இருந்தது என்று எழுதிவைத்துப் பார்த்தால்தான் வடிவம் புலப்படும். பேசுவதும் படிப்பதும் கணக்குப் பார்ப்பதும்கூட உழைப்புதான் என்று பலருக்கு அப்போதுதான் தெரியவருகிறது.

குளியலையே எடுத்துக்கொள்ளலாம். வெந்நீர் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்குகிறது. கையைத் தலைக்குமேல் தூக்கித் தேய்க்கும்போது இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. படுத்திருந்தவர் எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி, இறங்காமல் நிற்பது இந்நோயாளிகள் பலரிடம் காணப்படும் 'பாட்ஸ்' என்ற நிலையின் அடையாளம். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியும், வெதுவெதுப்பான நீரும், குளித்தபின் படுத்து ஓய்வெடுக்கும் அரைமணியும் சிலருக்கு ஒரு வாரத்தையே மீட்டுத் தருகின்றன. நிறையத் தண்ணீர், மருத்துவர் அனுமதித்தால் கூடுதல் உப்பு, காலை இறுக்கும் நீண்ட காலுறை ஆகியவையும் உதவுகின்றன. ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்வது, சமையலை இரண்டு வேளையாகப் பிரிப்பது, வெளியே போகும் நாளுக்கு முன்னும் பின்னும் வேறெதையும் வைக்காமலிருப்பது, நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் குறித்த எண்ணைத் தொட்டதும் உட்கார்ந்துவிடுவது என்று இந்தப் பட்டியல் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறாக நீளும்.

இந்நோயோடு வாழ்ந்தவர்களில் அமெரிக்க எழுத்தாளர் லாரா ஹில்லன்பிராண்ட் நன்கு அறியப்பட்டவர். 1987-இல் கல்லூரி மாணவியாக இருந்தபோது நோயில் விழுந்தவர், 'சீபிஸ்கட்' நூலைத் தலைசுற்றலுக்கு நடுவே எழுதினார். சில நாள்கள் கண்ணை மூடியபடி தாளில் கிறுக்கினார். 'அன்புரோக்கன்' நூலின் நாயகர் லூயி ஸாம்பெரினியை அவர் தொலைபேசியிலேயே பேட்டி கண்டார். இந்த வெற்றியைக் காட்டி 'மனமிருந்தால் முடியும்' என்று நோயாளிகளை நோக்கிச் சொல்வது பெருந்தவறு.  அவர் தம்மால் இயன்றபடி வேலையின் வடிவத்தை மாற்றிக்கொண்டார். அப்படி மாற்றிக்கொள்ள இடம்தரும் தொழில் அவருக்கு வாய்த்தது. மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு வாய்ப்பதில்லை.

பேஸிங்குக்கு எதிரான வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஓய்வு உடலைத் தளர்த்தும், தளர்ந்த உடல் மேலும் சோரும், எனவே படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் நோய் தீரும் என்று பிரிட்டனில் ஒரு தரப்பு நெடுங்காலம் சொல்லிவந்தது. அதன் பெரிய சான்று பேஸ் சோதனை. 641 நோயாளிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு செலவு. 2011-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. உடற்பயிற்சிச் சிகிச்சையிலும் மனநடத்தைச் சிகிச்சையிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் குணமடைந்தனர் என்று 2013-இல் அறிவித்தார்கள். நோயாளிகள் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தனர். சோதனையில் சேர, உடல் இயக்கத்தை 100-க்கு மதிப்பிடும் வினாத்தாளில் 65 அல்லது அதற்குக் கீழே எடுத்திருக்க வேண்டும். 'குணம்' என்று சொல்ல 60 போதும். அதாவது இந்த ஒரு அளவுகோலில், நோயாளியாகச் சேரும் நாளிலேயே ஒருவர் குணமானவராகவும் இருக்க முடிந்தது. ஆஸ்திரேலிய நோயாளி ஆலெம் மத்தீஸ் தகவல் உரிமைச் சட்டத்தின்படி தரவைக் கேட்க, 2016-இல் தீர்ப்பாயம் அதை வெளியிட உத்தரவிட்டது. சோதனைக்காரர்கள் முதலில் வகுத்த அளவுகோலை வைத்தே அந்தத் தரவை மீண்டும் கணக்கிட்டபோது, குணமடைந்தவர்கள் மனநடத்தைச் சிகிச்சையில் 7 சதவீதம், உடற்பயிற்சியில் 4 சதவீதம், வழக்கமான மருத்துவத்தில் 3 சதவீதம்.

நம் வாதத்துக்கு இன்னும் முக்கியமானது வேறொன்று. நோயாளியின் அசைவை நாள்கணக்கில் பதியும் கருவியைச் சோதனையின் தொடக்கத்தில் கட்டிப் பார்த்துவிட்டு, முடிவில் கட்டாமல் விட்டுவிட்டார்கள். இரண்டாம் நாளைக் காட்டக்கூடிய ஒரே சாதனம் கைவிடப்பட்டது. பேஸ் சோதனையில் பேஸிங்கின் ஒரு வடிவமும் இருந்தது, அது வழக்கமான மருத்துவத்தைவிட மேலாக எதையும் செய்யவில்லை என்பதும் உண்மைதான். பேஸிங்குக்கு ஆதரவான சோதனைச் சான்று இன்றும் மெலிந்தே இருக்கிறது. ஆயினும் பேஸிங் குணமாக்கும் என்று அதைக் கைக்கொள்பவர்கள் சொல்லவில்லை. சரிவுகளைக் குறைக்கும் என்கிறார்கள். சரிவுகளின் எண்ணிக்கையை முதன்மை அளவாகக் கொள்ளாத சோதனை அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில், கடும் எதிர்ப்புக்கு இடையே, ஏற்றிக்கொண்டே போகும் உடற்பயிற்சித் திட்டத்தை இந்நோய்க்குத் தரக் கூடாது என்று வழிகாட்டியது. அத்திட்டத்துக்கு ஆதரவாக இருந்த ஆய்வுகளின் தரத்தைக் குறைவு, மிகக் குறைவு என்றே மதிப்பிட்டது.

சோதனைக்கூடம் வரை வர முடிந்தவர்களையே மருத்துவம் இதுவரை அளந்திருக்கிறது. நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வீட்டிலோ படுக்கையிலோ முடங்கிய காலத்தைக் கடக்கிறார். வெளிச்சமும் ஓசையும்கூட அவர்களுக்குத் தாங்காது. இங்கிலாந்தில் மேவ் பூத்பி ஓ'நீல் 2021 அக்டோபரில் தம் 27-ஆம் வயதில் இறந்தார். கடுமையான எம்.இ. காரணமாக உண்ண முடியாமல் ஊட்டம் குன்றியதே இறப்புக்குக் காரணம். 2024-இல் விசாரித்த மரண விசாரணை அதிகாரி, இத்தகையோருக்கென நாட்டில் சிறப்புப் படுக்கை வசதி எதுவும் இல்லை என்று அரசுக்கு எழுத வேண்டியிருந்தது.

மாற்று வழி சாத்தியம் என்பதற்கு எடின்பரோ பல்கலைக்கழகம் நடத்திய டீகோட்-எம்.இ. ஆய்வு சான்று. நோயாளிகளோடு சேர்ந்தே அந்த ஆய்வைத் திட்டமிட்டனர். எச்சில் மாதிரி எடுக்கும் பெட்டி தபாலில் வீட்டுக்கு வந்தது. எழுந்திருக்க முடியாதவர்களும் அதில் பங்கேற்றனர். 2025 ஆகஸ்டில் வெளியான முதற்கட்ட முடிவுகளின்படி, 15,579 நோயாளிகளின் மரபணுக்களை நலமானவர்களோடு ஒப்பிட்டபோது எட்டு இடங்களில் வேறுபாடு தெரிந்தது. அவற்றில் சில நோயெதிர்ப்பு, நரம்பு மண்டலங்களோடு தொடர்புள்ளவை. இனி வரும் மருந்துச் சோதனைகளும் இதே போல வீட்டுக்குப் போக வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில வாரங்களாவது கைப்பட்டைக் கருவியால் அசைவையும் நாடியையும் பதிய வேண்டும். உழைப்பு நடந்த நாளோடு நிற்காமல் அடுத்த மூன்று நாள்களின் பதிவையும் முடிவின் பகுதியாகக் கொள்ள வேண்டும். இவை இல்லாத சோதனைக்கு நிதி தருவதை ஆய்வு நிறுவனங்கள் நிறுத்திக்கொள்ளலாம்.