மூட்டின் தீயும் எலும்பின் தேய்வும்

அழற்சி என்னும் தமிழ்ச் சொல்லின் வேர் அழல். இன்றைய அரபியில் அதனைக் குறிக்கும் 'இல்திஹாப்' என்பதன் வேர் லஹப். இரண்டும் தீயைச் சுட்டுவன. ஆயினும் அத்தீ எலும்பைத் தின்னும் விதம் தெளிவாக விளங்க 1990களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்னு சீனா (மறைவு ஹி. 428 / கி.பி. 1037) தம் 'அல்-கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் மூட்டுவலியைப் பற்றிப் பேசுகிறார். மிகைத் திரவங்கள் மூட்டுகளில் வடிவதே நோய்க்குக் காரணம் என்பது அக்காலக் கொள்கை. முடக்குவாதத்தை அவர் தனிநோயாக அறிந்திருந்தார் என நாம் உரிமை கொண்டாட ஆதாரம் போதாது. அவருடைய பெருமைக்கு அத்தகைய மிகையுரை தேவையுமில்லை. 1800இல் பாரிஸில் லாந்த்ரே-பொவே ஒன்பது பெண்களின் நோயை விவரித்து, 'நிக்ரிஸ்' எனும் கவுட் நோயினின்று அதனைப் பிரித்துக் காட்டினார். 'ருமாட்டாய்டு' என்ற பெயர் 1859இல் ஆல்ஃபிரட் கேரொட் இட்டது.

1948இல் அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச், முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி செலுத்தினார். சில நாட்களில் அவர் நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் தீயை அணைத்த அம்மருந்தே, நெடுநாள் உட்கொள்வோரின் எலும்பை நலிவுறச் செய்வது பின்னர் தெரிய வந்தது.

மூட்டைச் சூழ்ந்த சவ்வு வீங்குகையில், அங்குக் குவியும் நோயெதிர்ப்பு அணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின் முதலிய புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் 'ரேங்க்-எல்' என்னும் புரதம் பெருகி, இரத்த அணு மரபில் வந்த இளம் அணுக்களை 'ஆஸ்டியோகிளாஸ்ட்' எனும் எலும்பு தின்னும் அணுக்களாக மாற்றுகிறது. இவை அமிலத்தால் சுண்ணச்சத்தையும், நொதியால் கொலாஜனையும் கரைக்கின்றன. போதாக்குறைக்கு, எலும்பைக் கட்டும் அணுக்களின் பணியையும் அழற்சி தடுக்கிறது.

1999இல் எலிகளில் ரேங்க்-எல்லை மட்டும் தடுத்துப் பார்த்தனர். வீக்கம் குறையவில்லை, எலும்போ காக்கப்பட்டது! வீக்கமும் எலும்பரிப்பும் தொடர்புடையனவேனும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? வலி குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடும் நம் வழக்கம் அபாயமானது என்பதும் இங்கேதான் புலப்படுகிறது. வெறும் வலிநிவாரணி எலும்பரிப்பைத் தடுப்பதில்லை; மெத்தோட்ரெக்சேட் போன்றவை அழற்சியையே அடக்கி அதனை மட்டுப்படுத்துகின்றன.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1992இல், இலண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் பஞ்சாபில் பிறந்த ரவீந்தர் மைனியும் டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் மருந்தை இந்நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கியிருந்தனர். அவ்வகை மருந்துகளால் எலும்பரிப்பு மட்டுப்படுவதைப் பின்னாளைய எக்ஸ்ரே படங்கள் காட்டின. ஏற்கெனவே அரிக்கப்பட்ட குழிகள் மீண்டும் நிரம்புவது மட்டும் இன்றும் அரிதாகவே உள்ளது.