லைன் வீட்டுக் குடும்பங்கள்

1884இல் எமில் ஸோலா வடபிரான்சின் ஆன்சான் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது அங்கே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. அங்கு கண்டதை வைத்து மறு ஆண்டே ‘ஜெர்மினல்’ நாவலைக் கொண்டுவந்தார். அதில் வரும் மாஹே குடும்பம் குடியிருப்பது கம்பெனி வீட்டில். மூத்த மகன் ஸகாரிக்கு இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன. கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. அவன் தனிக்குடித்தனம் போனால் கூலி கைவிட்டுப் போகுமே என்று தாய் தள்ளிப்போடுகிறாள். தாத்தாவோ கரியைக் கறுப்பாகத் துப்பிக்கொண்டே வேலைக்குப் போகிறார். இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தால் ஓய்வூதியம் 150 பிராங்க் என்பது 180 ஆகும். பாசத்துக்குக் குறைவில்லாத வீடுதான். ஆனாலும் அங்கே உறவு ஒவ்வொன்றும் கூலிக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அதே பத்தாண்டில்தான் கோலார் தங்கவயலும் எழுந்தது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெரும்பாலோர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் ஆண்டைக்கு அடங்கிக் கிடந்தவர்கள், இங்கே ரொக்கமாகக் கூலி வாங்கினார்கள். இந்த விடுதலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தங்கவயலின் சாம்பியன் ரீஃபில், நின்றுபோன ‘தமிழன்’ பத்திரிகையை மறுபடி நடத்திய ஜி. அப்பாதுரையாரின் பணியும், அங்கே வேரூன்றிய பௌத்தமும் இந்த மண்ணில்தான் வளர்ந்தன.

ஆனால் வீடு கம்பெனியுடையது. ஆரம்பத்தில் மூங்கில் தட்டிக் குடிசை, பிறகு வரிசையாக லைன் வீடு. வேலை இருக்கும்வரைதான் கூரை. தகப்பன் படுத்துவிட்டால் மகன் உள்ளே இறங்கியாக வேண்டும். இல்லையென்றால் மொத்தக் குடும்பமும் தெருவில். தன் மகன் பாறைத் தூசியைத் தின்னக் கூடாது என்று நினைத்த அப்பனும், அவனுக்கு வேலை வாங்கித்தர அலைந்த அப்பனும் பல வீடுகளில் ஒரே ஆள்தான். மகனுக்கு அது புரிந்திருக்குமா? அப்பா நம்மைக் குழிக்குள் தள்ளுகிறார் என்றுதான் தோன்றியிருக்கும்.

அந்தக் குழி சாதாரணமானதும் இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஆழத்தில் பாறையே கொதித்தது. அழுத்தம் தாங்காமல் திடீரென்று பாறை வெடிப்பதை இங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே லைன் வீட்டுச் சுவரும் அதிரும். இந்த ஷிஃப்டில் யார் வீட்டு ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரு முழுக்க ஒரே கேள்வி ஓடும். வெடிப்புக்குத் தப்பியவனையும் குவார்ட்ஸ் தூசி விடவில்லை. சிலிகோசிஸ் வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவான். சம்பாத்தியம் மகன் கைக்கு மாறும். அதோடு வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதும் மாறும். அப்பன்–மகன் மனக்கசப்புக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

1930 ஏப்ரலில், எல்லாத் தொழிலாளரும் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரேகை கொடுத்தால், ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவனுக்கு இன்னொன்றில் வேலை கிடைக்காமல் போகலாம். தங்கவயலே வேலையை நிறுத்தியது, உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வேலை போனால் வீடும் போகும் என்று தெரிந்தே நின்றார்கள்.

‘ஜெர்மினல்’ தாய் இன்னும் கடுமையானவள். வேலைநிறுத்தத்தின்போது, நம் வீட்டில் எவனாவது முதலில் வேலைக்கு இறங்கினால் கழுத்தை நெரித்துவிடுவேன் என்கிறாள். கடைசியில், புருஷன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மீதிக் குழந்தைகளுக்குச் சோறு போட நாற்பது வயதில் அவளே சுரங்கத்தில் இறங்குகிறாள்.

தங்கவயலை அப்போது நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28இல் நிறுத்தப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அப்பனும் மகனும் ஒரே ஷாஃப்டுக்குப் போன காலம் அதோடு முடிந்தது. பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பத் தொடங்கினார்கள். சண்டை போடக்கூட அப்பனும் மகனும் சந்திப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்றானது. பட்டா கேட்டுப் போராட்டம் தொடர, லைன் வீடுகளில் குடும்பங்கள் அப்படியே இருந்தன.

தங்கவயலில் உழைத்த உங்கள் தாத்தாவின் சம்பளச் சீட்டோ வேலை அடையாள அட்டையோ டிரங்குப் பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த லைனில் குடியிருந்தார், யாரோடு பேசாமல் இருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கம்பெனிக் கணக்கில் தங்கத்தின் எடை இருக்கும். இந்த விவரம் இருக்காது.