எறும்பு போட்ட கணக்கு

ஜூலை 16, 1950. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். உலகக் கோப்பைக் கால்பந்தின் கடைசி ஆட்டம். பிரேசில் ஜெயிக்கக்கூட வேண்டாம். டிரா செய்தாலே கோப்பை. கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் கொண்டாடத் தயாராக வந்திருந்தார்கள். பதினோரு நிமிடம் பாக்கி இருக்கும்போது உருகுவே இரண்டாவது கோலைப் போட்டது. 2-1. முடிந்தது கதை. இழவு வீட்டிலாவது அழுகைச் சத்தம் கேட்கும். அங்கே முதலில் அதுகூட இல்லை.

அன்று மைதானத்தில் காவலுக்கு நின்ற சிப்பாய்களில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் உண்டு. பெயர், மரியோ ஜகாலோ.

அந்தப் பையன்தான் பின்னால் 1958, 1962 உலகக் கோப்பைகளை ஜெயித்த பிரேசில் அணியில் இடது ஓர ஆட்டக்காரர். தாக்குவதுதான் வேலை. ஆனால், பந்து எதிரணியிடம் போய்விட்டால் அடித்துப் பிடித்துப் பின்னால் ஓடிவந்து தடுப்பார். அதனாலேயே 'குட்டி எறும்பு' என்று பட்டப்பெயர்.

1970-க்கு வாருங்கள். பிரேசிலில் ராணுவ ஆட்சி. அணியின் கோச் சல்தான்யா ஒரு கம்யூனிஸ்ட். ஜனாதிபதி மெதிசிக்குப் பிடித்த ஆட்டக்காரரைச் சேர்க்க அவர் மசியவில்லை. பீலேவோடும் உரசல். மார்ச்சில் வேலை போனது. உலகக் கோப்பைக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. கூப்பிடு ஜகாலோவை! அப்போது அவருக்கு வயது 38.

பீலே இருக்கிற அணிக்கு எவர் கோச்சாக இருந்தால் என்ன என்கிறீர்களா? சிக்கலே அங்கேதான். பீலே, டோஸ்டாவ், ரிவெலினோ, ஜெர்சன், ஜேர்சின்ஹோ. ஐந்து பேருமே ஆட்டத்தைத் தன் காலடியில் வைத்திருக்கிற ரகம். ஓர் உறையில் எத்தனை கத்தி?

ஜகாலோ ஒருவரையும் கழற்றிவிடவில்லை. ரிவெலினோவை, தான் ஆடிய அதே இடது பக்கத்துக்கு அனுப்பினார். டோஸ்டாவை முன்னால் நிறுத்தினார். நடுக்கள ஆட்டக்காரர் பியாஸாவைத் தற்காப்புக்கு இறக்கினார். ஒரே நிபந்தனை. பந்து பறிபோனால் எல்லோரும் பின்னால் வரவேண்டும். எறும்பின் பழைய பாடம்.

ஆறு ஆட்டம், ஆறு வெற்றி, 19 கோல்கள். அரையிறுதியில் உருகுவேக்கு 3-1. பைனலில் இத்தாலிக்கு 4-1. ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் உலகக் கோப்பை வென்ற முதல் மனிதரானார் ஜகாலோ.

கோப்பையோடு மெதிசி போஸ் கொடுத்தார். அரசியல் கைதிகள் சித்திரவதைக்கு ஆளாகிக்கொண்டிருந்த அதே நாட்களில்.

1994-ல் பரெய்ராவுக்குத் துணையாக நின்று நாலாவது கோப்பை. 1998 பைனலில் மறுபடி கோச். பிரான்ஸிடம் 3-0 தோல்வி. ஜனவரி 5, 2024 அன்று, 92 வயதில் காலமானார்.

அந்த 1970 அணி தானாகவே ஜெயித்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால், அந்த ஐந்து பேரையும் பந்தில்லாமல் ஓடச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படி ஓடிக் காட்டியவர் சொன்னதால்தான் கேட்டார்கள்.