உப்பும் ஒரு நூற்றாண்டுத் தாமதமும்

சுவிற்சர்லாந்து என்றதும் எம்மவர்களுக்குப் பனிமலையும் வங்கியும் கடிகாரமுமே நினைவுக்கு வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டின் மலைப் பள்ளத்தாக்குகளுக்கு வந்த பயணிகள் வேறு இரண்டு விடயங்களை எழுதிச் சென்றனர். ஒன்று, கழுத்தில் தொங்கும் கழலை. மற்றையது, உடல் குறுகி, காது கேளாது, வாய் பேசாது, புத்தி வளராது பிறந்த மனிதர்கள். 'கிரெற்றின்' என்ற சொல் அல்ப்ஸ் மலைப் பேச்சுவழக்கிலிருந்தே ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. இன்று அது வெறும் வசைச்சொல்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் வலிஸ் மாநிலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். தன் பாட்டியின் கழலையைப் பற்றி அவர் சாதாரணமாகச் சொன்னபோது, ஒரு காலத்தில் வரலாறு படிப்பித்த எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இந்த நோய் இங்கிருந்து எப்படிப் போனது? அதைவிட முக்கியமாக, போவதற்கு ஏன் இவ்வளவு காலம் எடுத்தது?

காரணம் எளிமையானது. பனியாறுகளும் மழையும் மலைமண்ணிலிருந்த அயடீனை அரித்துச் சென்றுவிட்டன. அந்த மண்ணில் விளைந்ததையே உண்டவர்களுக்கு அயடீன் கிடைக்கவில்லை. தைரொயிட் சுரப்பி தனது ஹோர்மோனை உருவாக்க அது வேண்டும். கிடைக்காதபோது சுரப்பி வீங்குகிறது. கர்ப்பிணிக்குக் கடும் குறைபாடு ஏற்பட்டால் சிசுவின் மூளையும் செவிப்புலனும் பாதிக்கப்படுகின்றன. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 150 மைக்ரோகிராம் மட்டுமே.

இதற்கான மருந்து மிக முன்னரே கையில் இருந்தது. கடற்பாசிச் சாம்பலிலிருந்து கூர்த்துவா அயடீனைக் கண்டது 1811இல். ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்குக் கொடுத்தது 1820இல். தென் அமெரிக்க மலைகளில் ஆய்வு செய்த பூசங்கோ, அயடீன் கலந்த உப்பை மக்களுக்கு வழங்கலாமென 1830களிலேயே எழுதினார். தைரொயிட்டை முழுதாக அகற்றினால் நோயாளி கிரெற்றினைப் போலாகிறார் என பேர்ண் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் கோஹர் 1883இல் வெளியிட்டார். அச்சுரப்பியினுள் அயடீன் இருப்பதை பௌமான் 1895இல் கண்டார். ஆயினும் உப்பில் அயடீன் கலக்கப்பட்டது 1922இல்தான்.

ஏன்? குவாந்தே காலத்தில் அளவு மிஞ்சிக் கொடுக்கப்பட்டதால் பலர் நோயுற்றனர். அயடீன் நஞ்சு என்ற அச்சம் பல தலைமுறைகளுக்கு நிலைத்தது. இது ஒரு காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது மற்றொன்று. கற்றவர்கள் விளக்கத்தை மண்ணில் தேடாது மனிதரில் தேடினர். பரம்பரைச் சீரழிவு, உறவுக்குள் திருமணம், அழுக்கு, சோம்பல் எனப் பள்ளத்தாக்கு மக்களின் 'இயல்பே' நோய்க்குக் காரணமாக்கப்பட்டது. நோயின் விளைவு நோயின் காரணமாக வாசிக்கப்பட்டது.

முடிச்சை அவிழ்த்தவர்கள் பெரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர். மிகச் சிறிய அளவு அயடீனே போதும் என்று 1915இல் எழுதிய ஹுன்சிக்கர், சூரிச்சுக்கு அருகில் ஒரு சாதாரண மருத்துவர். வலிஸின் பயார்ட் ஒரு கிராம வைத்தியர். அவர் 1918இல் தானே உப்பில் அயடைட்டைக் கலந்து, கிரேஹன் என்ற மலைக்கிராமத்தின் சில குடும்பங்களுக்குக் கொடுத்தார். கழலைகள் சுருங்கின. ஹெரிஸௌ வைத்தியசாலையின் எகன்பேகர் மக்களிடம் பேசி, கையெழுத்துச் சேர்த்து, 1922இல் தனது மாநிலமான அப்பன்செல் அவுசரோடனில் இந்த உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு தேசியக் கழலை ஆணைக்குழுவும் இதைப் பரிந்துரைத்தது. ஏழையும் பணக்காரரும் தினமும் உண்பது உப்பு; அதன் விற்பனை உரிமையும் மாநிலங்களிடமே இருந்தது. ஆகவே வழி இலகுவாயிற்று.

எதிர்ப்பும் இருந்தது. ஆராவ் நகரின் பிரபல சத்திரசிகிச்சை நிபுணர் பிர்ஹர் கடைசிவரை எதிர்த்தார். அவரது ஆர்காவ் மாநிலம் 1950கள் வரை இந்த உப்பை அனுமதிக்கவில்லை. 1920கள் வேறொன்றையும் கண்டன: வோ மாநிலம் 1928இல் மனநோயாளருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய இடமளிக்கும் சட்டத்தை இயற்றியது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒருபுறம் உணவில் இல்லாததைச் சேர்த்தனர். மறுபுறம் மனிதரை வடிகட்ட முனைந்தனர். முதலாவது வழியே புதிய கிரெற்றின் பிறப்புகளை இல்லாமற் செய்தது.

பின்னர் இது உலக வேலைத்திட்டமானது. 1990ஆம் ஆண்டின் சிறுவர் உச்சிமாநாடு, 2000க்குள் அயடீன் குறைபாட்டை ஒழிப்பதை இலக்காக்கியது. அந்த இலக்கு முழுதாக எட்டப்படவில்லை. எனினும் இன்று உலகின் பெரும்பாலான வீடுகளில் அயடீன் உப்பே உள்ளது. இலங்கை 1995இல் இதைச் சட்டமாக்கியது. சுவிஸில் இன்றும் அது நுகர்வோரின் விருப்பமே. 2014இல் அயடீனின் அளவு கிலோவுக்கு 25 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. கட்டாயமா, இணக்கமா என்ற விவாதத்திற்கு இவ்விரு நாடுகளும் நல்ல உதாரணங்கள்.

எமக்கு இதில் என்ன? எமது வகுப்பறைகளில் 'மொக்கு' என்ற சொல் எவ்வளவு இலகுவாகப் புழங்கியது என்பதை வாசகர்கள் அறிவர். எந்தக் குறிச்சிப் பிள்ளைமீது அது கூடுதலாக விழுந்தது என்பதையும் அறிவர். அப்பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்டவர்கள் குறைவு. சாதியையும் ஊரையும் வைத்துக் கணக்கை முடித்தவர்களே அதிகம். புலம்பெயர்ந்த பின்னரும் எமது கட்டுரைகளில் 'அவர்கள் அப்படித்தான்' என்ற முடிவு வெவ்வேறு கலைச்சொற்களில் எழுதப்படுகிறது. அல்ப்ஸ் மக்களைப் பற்றி அப்படி எழுதியவர்களும் படித்தவர்களே. அந்த எழுத்தின் விலையை ஒரு நூற்றாண்டுக் குழந்தைகள் கொடுத்தனர். இதை விவாதத்திற்கு முன்வைக்கிறேன்.